பித்தளையைச் சுட்டா காசு வருமா? திண்டுக்கல்காரருக்கு ஒரு சைடு பிசினஸ் பாடம்



ராத்திரி சாப்பிட்டுட்டு மொபைலைத் திறக்குறீங்க. அமெரிக்காவுல ஒருத்தர் தன் வீட்டு கராஜ்ல உட்கார்ந்து, சுட்டு முடிச்ச பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஒவ்வொண்ணா நெருப்புல காட்டி எடுக்குறார். "ஒரு கூட்டுக்கு இவ்வளவு, வாரக் கடைசியில இத்தனை ஆயிரம் கூடு"ன்னு கணக்கும் சொல்றார். வேடசந்தூர் மில்லுலயோ, திண்டுக்கல் டவுன்ல ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்லயோ மாசம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்குற உங்களுக்கு உடனே ஒரு யோசனை வரும். "ஒரு பர்னர், ஒரு சிலிண்டர், கொஞ்சம் கைப்பழக்கம். நம்மளால முடியாதா?"

முடியும். ஆனா அவர் செய்யுறதை அப்படியே இங்க செஞ்சீங்கன்னா ஜெயில். அதே திறமையை வேற ஆளுக்கு வித்தீங்கன்னா, ஒருவேளை ஒரு நல்ல கூலி வேலை. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம், காசு போடுறதுக்கு முன்னாடி எதைக் கேட்கணும், எப்படிக் கணக்குப் போடணும். இதுதான் இன்னைக்குப் பாடம்.

முதல்ல, அந்த ஆள் என்னதான் செய்யுறார்?

தோட்டாக் கூடு பெரும்பாலும் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை. பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க இறுகும். ஒரு கம்பியை நாலு தடவை முன்னும் பின்னும் வளைச்சா உடையுதே, அதே கதை. இறுகின பித்தளையைச் சரியான சூட்டுக்குக் கொண்டுபோனா உள்ளே இருக்கிற படிகங்கள் புதுசா அமைஞ்சு திரும்ப இளகிடும். இதுக்குப் பேர்தான் அனீலிங். நம்ம பட்டறைகள்ல "சுட்டு எடுக்குறது"ன்னு சொன்னா புரியும்.

வெளிநாட்டுல துப்பாக்கி சுடுற பொழுதுபோக்குக்காரங்க ஒரே கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவாங்க. ஒவ்வொரு தடவையும் கூட்டோட கழுத்து விரிஞ்சு சுருங்கி இறுகிப்போகும், கடைசியில விரிசல் விழும். அதனால கழுத்தை மட்டும் சுட்டு இளக்குவாங்க. அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது. வெடிக்கிற அழுத்தத்தைத் தாங்குறது அந்த இறுகின அடிப்பக்கம்தான். அது இளகிட்டா, சுடுறவர் முகத்துக்குப் பக்கத்துலயே கூடு கிழியும்.

இந்த விஷயத்துக்கு நம்ம நாட்டோட ஒரு பழைய தொடர்பும் இருக்கு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல அடுக்கி வச்சாங்க. மழைக்காலம் முடிஞ்சு எடுத்துப் பார்த்தா, யாரும் தொடாமலே கூடுகள்ல விரிசல். குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியா காத்தும், கூடு செய்யும்போது பித்தளைக்குள்ள தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்துதான் காரணம்னு 1921ல மூர், பெக்கின்சேல், மல்லின்சன்னு மூணு பேர் விளக்கினாங்க. மருந்து என்னன்னா, அமோனியா பக்கம் வைக்காம இருக்கிறது, செஞ்சு முடிச்சதும் மிதமான சூட்டுல வச்சு அந்த இறுக்கத்தை எடுக்கிறது.

இங்க ஏன் முடியாது?

படைக்கலச் சட்டம், 1959. அதோட 2வது பிரிவுல தோட்டா, வெடிபொருள் பத்தின விளக்கத்துக்குள்ள அதன் பாகங்களும் சேரும், அதைத் தயாரிக்கிற இயந்திரமும் சேரும். 5வது பிரிவுப்படி உரிமம் இல்லாம அதைத் தயாரிக்கவோ, விற்கவோ, மாத்தவோ, பழுது பார்க்கவோ கூடாது. 2019ல சட்டத்தைத் திருத்தி, இந்தக் குற்றத்துக்கு 25வது பிரிவுல குறைந்தபட்ச தண்டனையை 7 வருஷம் ஆக்கிட்டாங்க. அதிகபட்சம் ஆயுள்.

"வெறும் காலிக் கூடுதானே"ன்னு வாதாடிப் பார்க்கலாம். ஆனா அந்த வாதத்தைக் கோர்ட்ல போய்ப் பண்ற நிலைமை ஒரு சம்பளக்காரருக்குத் தேவையா? ஒரு எஃப்ஐஆர் போதும், வேலை போயிடும், பாஸ்போர்ட் சிக்கல் ஆயிடும். மாசம் 3,000 ரூபாய் சேர்த்து சம்பாதிக்கிறதுக்காக மாசம் 25,000 சம்பளத்தை யாராவது பந்தயம் கட்டுவாங்களா?

சட்டத்தை ஓரமா வச்சாலும் சந்தை இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் பயிற்சி எடுக்கிற பசங்க பெரும்பாலும் ஏர் ரைஃபிள்தான். அதுல தோட்டாக் கூடே கிடையாது. அடுத்தது பாயிண்ட் 22. அந்தக் கூட்டைத் திரும்ப நிரப்புறது நடைமுறையில இல்லை. ராணுவத்துக்கான தோட்டா வேலை மகாராஷ்டிராவுல இருக்கிற கட்கி, வரண்காவ் மாதிரி பெரிய தொழிற்சாலைகளுக்குள்ள நடக்குது. உங்க வீட்டு மொட்டை மாடிக்கு அது வராது.

ஆக முதல் பாடம்: வேற நாட்டு வீடியோவுல பார்த்த தொழிலை எடுக்குறீங்கன்னா, அதுல திறமை எது, வாடிக்கையாளர் யாருன்னு ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. திறமை ஊர் தாண்டி வரும். வாடிக்கையாளர் வரமாட்டார். அவரை இங்கதான் தேடணும்.

அப்ப இங்க பித்தளையை யார் அடிக்கிறாங்க?

திண்டுக்கல்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பூட்டு! நாகல்நகர், நல்லாம்பட்டி பக்கம் இன்னைக்கும் கையால பூட்டு செய்யுற பட்டறைகள் இருக்கு. 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. அலிகார் பூட்டோட விலைப் போட்டியில இந்தத் தொழில் சுருங்கிட்டதும் உண்மை. அதை மறைச்சு உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

பூட்டுக்குள்ள இருக்கிற லீவர் பல பூட்டுகள்ல பித்தளைத் தகடு. பூட்டைத் தாண்டிப் பார்த்தா, கோயில் கவசம், வாகனத் தகடு அடிக்கிறவங்க, பித்தளைக் குடம், அண்டாவுல நெளிவு எடுக்கிறவங்க, விளக்குப் பாகங்கள் செய்யுறவங்க எல்லாரும் தகட்டை அடிக்கிறவங்கதான். புடைப்பு வேலையில ஒரே தகட்டை நடுநடுவுல பல தடவை சுட்டு இளக்கித்தான் மேற்கொண்டு அடிக்க முடியும்.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. பூட்டு லீவரைச் செஞ்சு முடிச்ச பிறகு சுடக் கூடாது. லீவர் இறுக்கமா இருந்தாத்தான் தேயாம உழைக்கும். ஸ்பிரிங்கைச் சுட்டீங்கன்னா அது செத்துச்சு. தோட்டாவுல கழுத்தைச் சுடு, அடியைத் தொடாதேன்னு பார்த்தோமே, இதுவும் அதே விதிதான். இன்னும் வளைய வேண்டியது இளகி இருக்கணும். பாரம் தாங்க வேண்டியது இறுகி இருக்கணும். இது தெரியாத ஆள் பர்னரோட பட்டறைக்குள்ள போனா, முதல் நாளே வெளியே அனுப்பிடுவாங்க.

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை

வெளிநாட்டுல பிரபலமான இண்டக்‌ஷன் அனீலிங் மெஷின் நம்ம பணத்துல லட்சத்தைத் தாண்டும். அதுல இஎம்ஐ போடுற எண்ணம் இருந்தா இப்பவே அழிச்சிடுங்க. முதல் மூணு ஞாயிறு உங்க முதலீடு பெட்ரோலும் டீயும் மட்டும்தான். பத்துப் பட்டறைக்குப் போங்க. விக்கப் போகாதீங்க, கேட்கப் போங்க.

1. "அண்ணே, தகடு எந்தப் பதத்துல வாங்குறீங்க? சாஃப்டா, ஹாஃப் ஹார்டா, ஹார்டா?" இதுதான் முக்கியமான கேள்வி. இளகின தகடாவே வாங்கி, ஒரே தடவை வெட்டி வளைச்சு முடிக்கிறார்னா அவருக்கு உங்க சேவை தேவையே இல்லை.
2. "வளைக்கும்போது, அடிக்கும்போது விரிசல் விழுதா? நூத்துக்கு எத்தனை கழியுது?"
3. "இப்ப யார் சுட்டுத் தர்றாங்க? நீங்களே செஞ்சா, அதுக்கு எவ்வளவு நேரம் போகுது?"
4. "மாசம் எத்தனை கிலோ இருக்கும்?"
5. "சூடு அதிகமாகிக் கெட்டுப்போனா, யார் கணக்குல போகும்?"

பத்துப் பேர்ல ஒன்பது பேர் "தேவையில்ல தம்பி"ன்னு சொன்னா, அதை நோட்டுல எழுதிட்டு நிம்மதியா வீட்டுக்கு வாங்க. நீங்க தோக்கலை. 25,000 ரூபாய் மிச்சம் பிடிச்சிருக்கீங்க.

ரெண்டு பேராவது "ஆமா, அது பெரிய தொல்லைதான்"னு சொன்னா, ஒரு கிலோ கழிவுத் தகடு வாங்கி மாதிரி செஞ்சு காட்டுங்க. சுடாத துண்டு ஒண்ணு, சுட்ட துண்டு ஒண்ணு. ரெண்டையும் அவர் கையாலயே வளைச்சுப் பார்க்கட்டும். அதுக்கு மேல விளம்பரம் எதுவும் தேவையில்லை.

வேலையோட சூட்சுமம், சுருக்கமா

இந்தப் பித்தளையை முழுசா இளக்க சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை போதும். மெல்லிய தகடுன்னா சூடு பரவினதும் சில நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். வெயில்ல வச்சு நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வெளிச்சத்துல அந்த மங்கலான சிவப்பு தெரியாது, தெரியும்போது சூடு தாண்டியிருக்கும். நிழலான இடமும், தெர்மோகப்பிள் வச்ச மீட்டரும் வேணும்.

சூடு அதிகமானா படிகம் பெருசாகி, வளைச்ச இடத்துல ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்கிறதுக்குள்ள பட்டறைக்காரருக்கு உங்க மேல இருந்த நம்பிக்கை போயிடும். இன்னும் தாண்டினா துத்தநாகம் புகையா வெளியேறும். அதைச் சுவாசிச்சா குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பு உதறும். அதனால திறந்த, காத்தோட்டமான இடம் கட்டாயம்.

இன்னொண்ணு, இரும்பைச் சுட்டுத் தண்ணியில போட்டா இறுகும். பித்தளை அப்படி இறுகாது. தண்ணியில போட்டாலும் காத்துல ஆற விட்டாலும் இளக்கம் ஒண்ணுதான்.

சுட்டதுக்கு அப்புறம் மேல கருப்பு படியும். அதை எடுக்க ஆசிட் தொட்டி வைக்கிற வேலைக்குப் போகாதீங்க. செம்பு கரைஞ்ச அந்த ஆசிட்டை எங்க கொட்டுவீங்க? தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செஞ்சதுன்னு திண்டுக்கல்லுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருப்போடவே திருப்பிக் குடுங்க, பாலிஷ் அவங்க வேலை.

இப்ப கணக்கு

கீழே இருக்கிறது எல்லாம் எடுத்துக்காட்டு எண்கள். நீங்க விசாரிச்ச எண்ணைப் போட்டுக்கங்க.

முதல்ல ஒரு ஆச்சரியம். 1 கிலோ பித்தளையை 30 டிகிரியில இருந்து 580 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் சுமார் 210 கிலோஜூல். கரண்டு யூனிட்டுல சொன்னா 0.06 யூனிட். திறந்த பர்னர்ல பத்துல ஒன்பது பங்கு சூடு வீணாப் போகுதுன்னு வச்சாலும், கிலோவுக்குச் சில ரூபாய்தான் எரிபொருள் செலவு. அதனால "கேஸ் செலவு இவ்வளவு, அதுக்கு மேல கொஞ்சம்"னு விலை போட்டா நீங்க நஷ்டத்துலதான் முடிப்பீங்க. உங்க உண்மையான செலவு நேரம், போக்குவரத்து, கெட்டுப்போற சரக்கு.

- தொடக்கச் செலவு (பர்னர், தீச்செங்கல், மீட்டர், இடுக்கி, கையுறை, முகக் கவசம், தீயணைப்பான், சிலிண்டர் டெபாசிட்): 25,000
- மாத நிலைச் செலவு (ஷெட் வாடகையில பங்கு, வண்டி, போன்): 2,500
- கூலி: கிலோவுக்கு 40
- கிலோவுக்கு ஆகுற நேரடிச் செலவு: 15
- கிலோவுக்கு மிச்சம்: 25

நிலைச் செலவை எடுக்கவே மாசம் 100 கிலோ வேணும். மாசம் 220 கிலோ கிடைச்சா 5,500ல 2,500 போக 3,000 ரூபாய். நாலு ஞாயிறு, சரக்கு எடுக்க, குடுக்கன்னு 40 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய். போட்ட 25,000 திரும்ப 9 மாசம் ஆகும்.

இப்ப பெரும்பாலானவங்க "இன்னும் நிறைய கிலோ பிடிக்கலாம்"னு நினைப்பாங்க. 400 கிலோன்னா 7,500 ரூபாய் வரும், ஆனா நேரமும் 70 மணிக்குப் போயிடும். மணிக்கு 107 ரூபாய். ஞாயிறு எல்லாம் காலி, திங்கக்கிழமை ஆபீஸ்ல தூக்கம்.

அதே 220 கிலோவை 55 ரூபாய்க்கு செஞ்சா? 6,300 ரூபாய். அதே 40 மணி நேரம். மணிக்கு 157 ரூபாய். நேரம் தவறாம, ஒரே பதத்துல குடுக்கிற ஆளுக்கு இந்த 15 ரூபாய் கூடுதல் கிடைக்கும். சைடு பிசினஸ்ல உங்ககிட்ட குறைவா இருக்கிறது நேரம். அதனால அளவைக் கூட்டுறதுக்கு முன்னாடி விலையைக் கூட்ட முடியுமான்னு பாருங்க.

அடுத்தது பயப்பட வேண்டிய எண். சரக்கு உங்களுடையது இல்லை. கிலோ 600 ரூபாய்னு வச்சா, ஒரு போன் கால் பேசுற நேரத்துல 10 கிலோ கருகினா 6,000 ரூபாய். 40 ரூபாய் கூலியில அது உங்க ரெண்டு மாச லாபம்! அதனால ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல சுடாதீங்க. சரக்கு வாங்கும்போதே எடை, தகடு கனம், கெட்டா யார் பொறுப்புன்னு ஒரு சீட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கங்க.

சம்பளக்காரர் கவனிக்க வேண்டியது

வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. "வேறு தொழில் செய்யக் கூடாது"ன்னு வரி இருந்தா எழுத்துல அனுமதி கேளுங்க. அரசு ஊழியர்னா முன் அனுமதி இல்லாம தொழில் பண்ணவே கூடாது.

வீட்டு சிலிண்டரை வச்சுத் தொழில் செய்யக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

உத்யம் பதிவு அரசு தளத்துல இலவசம். "2,000 குடுங்க, செஞ்சு தர்றோம்"னு வர்ற தளம் எல்லாம் இடைத்தரகர். கூலி வேலை ஒரு சேவை. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

வருமான வரியில இந்த லாபம் சம்பளத்தோட சேரும். தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடின்னு எல்லாரும் பேசுற ஊக வருமான முறையில, வங்கி, யுபிஐ வழியா வந்த வரவுல 6 சதவீதமும், ரொக்கத்துல 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாக் காட்டலாம். உங்க உண்மையான லாபம் அதை விட அதிகம்னா அதைத்தான் காட்டணும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வச்சா மார்ச் மாசம் தலைவலி இல்லை.

25,000 ரூபாயை அவசர நிதியில இருந்து எடுக்காதீங்க. ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா இருந்தாத்தான் இந்தப் பேச்சே.

கதவு மூடினா பக்கத்துக் கதவு

பத்துப் பட்டறையிலயும் "வேணாம்"னு சொல்லிட்டாங்களா? அதே பர்னர், அதே சூட்டுக் கணக்கு, இன்னொரு வேலைக்குப் பயன்படும். ஈயம் பூசுறது. பித்தளைப் பாத்திரத்துல சமைக்கிற பழக்கம் பல வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு. உள்பூச்சு தேயத் தேய திரும்பப் பூசணும். அதாவது அதே வாடிக்கையாளர் திரும்ப வருவார். ஆனா பூச வேண்டியது வெள்ளீயம். 232 டிகிரியிலயே உருகும். விலை குறைவுன்னு காரீயம் கலந்ததைப் பூசினா அது அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு விஷம். இந்த வேலையை ஒரு மூத்த கைக்காரர்கிட்ட சில மாசம் உட்கார்ந்து கத்துக்கிட்டுத்தான் தொடங்கணும். அதுக்கும் முன்னாடி அதே மூணு ஞாயிறு விசாரணை கட்டாயம்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு நோட்டு எடுத்து, மேல இருக்கிற அஞ்சு கேள்வியை எழுதிக்கங்க. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டே ரெண்டு பட்டறைக்குப் போய்ட்டு வாங்க. காசு எதுவும் எடுத்துட்டுப் போக வேண்டாம். அடுத்த வீடியோவுல இந்தக் கணக்கை உங்க சொந்த எண்ணை வச்சு எப்படிப் போடுறதுன்னு பார்க்கலாம்.